கூழும் குளியலும்

'கூழானாலும் குளித்துக் குடி.' நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு நம் நாக்கில் உட்கார்ந்திருக்கும் பழமொழிகளில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன். ஏழையாக இரு, பரவாயில்லை, அழுக்காக இருக்காதே என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு வரிசை இருப்பதைக் கவனியுங்கள். முதலில் குளியல், அப்புறம்தான் கூழ். குளிக்காதவனுக்குக் கூழ் கிடையாது. உடம்பும் மனசும் நன்றாக இருப்பவனுக்கு இது அறிவுரை. மனநோய் வந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது தண்டனைச் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நம் வீடுகள் தினமும் காலையில் அமல்படுத்திக்கொண்டிருக்கின்றன.

இலக்கியம் படிக்க வந்த இடத்தில் பல் துலக்குவதையும் குளிப்பதையும் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். பித்தைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். பித்தும் ஞானமும், பித்தும் கலையும், பித்தும் காதலும். ஆனால் பித்துப் பிடித்தவனுக்கு அன்று யார் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், யார் நகம் வெட்டிவிட்டார்கள் என்பதை எழுத நமக்குக் கை வருவதில்லை. சினிமாவில் இன்னும் சுலபம். 'சேது' (1999), 'காதல்' (2004) இரண்டும் நம் தலைமுறையை அழவைத்த படங்கள். இரண்டிலும் நாயகனுக்கு மனம் பிறழ்ந்துவிட்டது என்பதைச் சொல்ல இயக்குநருக்குத் தேவைப்பட்டது பரட்டைத் தலையும் அழுக்குத் துணியும்தான். அழுக்கு என்றால் பைத்தியம், பைத்தியம் என்றால் அழுக்கு. அழுக்காக இருக்கும் வயதானவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் அவரை 'அழுக்குச் சாமி' என்று கும்பிடவும் நமக்குத் தெரியும். சொந்த வீட்டு அறையில் ஒரு பிள்ளை அழுக்காகப் படுத்திருந்தால் மட்டும் கும்பிடவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. 'சோம்பேறி' என்கிறோம்.

அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

*

குளி என்பது தமிழில் இரண்டெழுத்து. செய்து பார்த்தால் அது ஒரு வேலை இல்லை. படுக்கையிலிருந்து எழ வேண்டும். மாற்றுத் துணி எது என்று முடிவு செய்ய வேண்டும். துண்டைத் தேட வேண்டும். குளியலறை வரை நடக்க வேண்டும். தாழ்ப்பாள் போட வேண்டும். துணியைக் கழற்ற வேண்டும். தண்ணீர் சூடா, குளிரா என்று பார்க்க வேண்டும். முதல் சொம்புத் தண்ணீரின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். சோப்பு, தலை, கழுவுதல், துடைத்தல், உடுத்தல், கடைசியில் ஈரத் துணியை என்ன செய்வது என்ற கேள்வி. நமக்கு இது ஒரே மூச்சில் நடந்துவிடுகிறது, அதனால் எண்ணுவதில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய விஷயம். திரையில் ஒரு பொத்தான், பின்னால் நாற்பது வேலைகள். அதில் ஒன்று நின்றாலும் பொத்தான் வேலை செய்யாது. நூறு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், எங்கள் தொழிலில் அந்த நூறு பேரைத் திட்டுவதில்லை. திரையை மாற்றுகிறோம்.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றதும் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும்தான் பலருக்கு நினைவு வரும். அவை இருப்பவை. அந்த நோயில் இல்லாமல் போகிறவையும் உண்டு. முகத்தில் பாவம், பேச்சு, ஆசை, ஒரு காரியத்தைத் தொடங்கும் உந்துதல் எல்லாம் வற்றிப்போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நோயை வகைப்படுத்திய எமில் கிரேப்பலின், மன உறுதியின் இயக்கம் தளர்வதை நோயின் மையத்திலேயே வைத்தார். 1908இல் அய்கன் ப்ளாய்லர் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார். நூற்றாண்டு தாண்டிவிட்டது. மருந்து குரல்களை ஓரளவு அடக்கிவிடுகிறது, இந்த வறட்சியை அவ்வளவு எளிதாக அசைப்பதில்லை. கடும் மனச்சோர்விலும் இதே கதைதான், கையைத் தூக்குவதே மலையைத் தூக்குவதாக இருக்கும்.

குளியலறைக்கென்றே சில பயங்களும் உண்டு. குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்தோடு சேர்ந்து குரல் கேட்கும், குழாயை மூடினால் குரலும் நிற்கும். மனநல மருத்துவப் பாடநூல்களில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இருபத்து நாலு மணி நேரமும் துரத்தும் பிள்ளைக்கு, ஆடையைக் கழற்ற வேண்டிய இடம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். இரவு போட்ட மாத்திரை காலை பத்து மணி வரை கண்ணை அழுத்தும். சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். எந்தப் பிள்ளைக்குப் பல் துலக்குவது அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் முடியாமல் போகிறது.

இது நான் கருணையில் கண்டுபிடித்த விளக்கம் இல்லை. அளவுகோலாகவே இருக்கிறது. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ், ஒருவர் தன் அன்றாடத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா என்று அளக்க 6 செயல்களைப் பட்டியலிட்டார். முதலில் வருவது குளியல். இந்தியாவில் மனநோயால் வரும் ஊனத்தை அளக்க 2002இல் அரசு ஏற்றுக்கொண்ட 'ஐடியாஸ்' அளவுகோல் 4 துறைகளைப் பார்க்கிறது: தன்னைப் பராமரித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அங்கேயும் முதல் இடம் குளிப்பதற்கும் உடுத்துவதற்கும்தான். ஒரு பிள்ளை குளிக்க முடியாமல் போவதை அரசாங்கம் ஊனம் என்று மதிப்பெண் போட்டுச் சான்றிதழ் தருகிறது. வீடு அதைத் திமிர் என்கிறது. அரசாங்கத்தைவிட வீடு ஈரமற்றதாக இருக்கும் அரிதான இடங்களில் இது ஒன்று.

*

என் அக்கா வீடு காஞ்சிபுரம் செவிலிமேட்டில். வந்தவாசி ரோடு பாலாற்றைத் தாண்டுவதற்கு முன்னால் வரும் ஊர். 2011 வரை தனிப் பேரூராட்சி, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள். மாமா தறி நெய்கிறார். முன் அறையைத் தறி எடுத்துக்கொண்டது, மிச்சத்தில் நான்கு பேர். குளியலறை வீட்டுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கதவு தெரியும். அக்காவின் மூத்த பையனுக்குப் பதினாறு வயதில் நோய் தொடங்கியது. அவனை இங்கே தம்பி என்று மட்டும் சொல்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, பேர் மட்டும் போடாதீங்க மாமா" என்றான்.

முதலில் போனது குளியல்தான். குரல் கேட்பது எங்களுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே. பதின்வயதில் இந்த நோய் பல நேரம் இப்படித்தான் வருகிறது. நன்றாகத் தலை வாரிக்கொண்டிருந்த பிள்ளை வாருவதை விடும், ஒரே சட்டையை நான்கு நாள் போடும், படிப்பு சரியும், நண்பர்கள் குறைவார்கள். இதில் எதுவுமே தனியாகப் பார்த்தால் நோய் இல்லை. எல்லாம் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. ஆனால் அந்த வாரங்களில் அவனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே மருந்துதான் இருந்தது. சித்தப்பா சொன்னார், "நாலு சாத்து சாத்தினா குளிப்பான்." பக்கத்து வீட்டு அம்மா சொன்னார், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட." பள்ளிக்கூடத்தில் அவனைக் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள், காற்றோட்டத்துக்காக. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி காரணமும் சொன்னார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "குளிப்பாட்டி அனுப்புங்க, இல்லன்னா மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க" என்றார்கள். அவன் போவதை நிறுத்திக்கொண்டான். பிளஸ் ஒன் அப்படித்தான் முடிந்தது. பள்ளியிலிருந்து யாரும் அவனை நீக்கவில்லை. மூக்கைப் பொத்தியே வெளியே அனுப்பிவிட்டார்கள், நீக்கல் ஆணைக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. எல்லாமே கடும் நோய் இல்லை. ஆனாலும் 40 பேர் இருக்கும் வகுப்பில் கிட்டத்தட்ட 3 பேர். நம் பள்ளிகள் நகம் வெட்டியிருக்கிறதா என்று வரிசையில் நிறுத்திப் பார்க்கின்றன. நேற்று வரை நகம் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளை இன்று ஏன் வெட்டவில்லை என்று கேட்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை.

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. அதில் ஒரு வகையினருக்கு அழுக்கு ஒட்டிக்கொண்டது என்ற எண்ணம் விடாது. கையைத் தோல் உரியக் கழுவுவார்கள், குளியல் இரண்டு மணி நேரம் ஓடும், தொட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பெண் பிள்ளைக்கு நம் ஊரில் என்ன பெயர் தெரியுமா? 'ரொம்ப சுத்தம்.' இன்னும் சில வீடுகளில் 'மடி ஆச்சாரமான பொண்ணு.' கோயில் நகரத்தில் அது பெருமை. அவள் கை வெடித்து ரத்தம் வரும்வரை யாரும் மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. குளிக்க முடியாத பையனுக்கு உதை, குளிப்பதை நிறுத்த முடியாத பெண்ணுக்குப் பாராட்டு. இரண்டு பேரும் நோயாளிகள். நம் சுத்தம் என்ற அளவுகோல் இரண்டு பேரையும் தவறாகவே அளக்கிறது. அது உடல்நலத்தை அளக்கச் செய்யப்பட்ட கருவி இல்லை, யாரை உள்ளே விடலாம், யாரைத் திண்ணையோடு நிறுத்தலாம் என்று அளக்கச் செய்யப்பட்டது. தீட்டு என்ற சொல்லைப் புழங்கும் சமூகத்தில் சுத்தம் என்ற சொல் ஒருநாளும் சோப்பை மட்டும் குறித்ததில்லை.

*

செவிலிமேட்டுக்காரர்களுக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். ஊரை ஒட்டித்தான் சாலைக் கிணறு இருக்கிறது. ராமானுஜர் அந்தக் கிணற்றிலிருந்து தினமும் வரதராஜருக்குத் தீர்த்தம் சுமந்து போனார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. இன்னொருவர் நீராடத் தண்ணீர் சுமப்பது வேலைக்காரத்தனம் இல்லை, கைங்கர்யம் என்று நம்பும் ஊர் இது. கோயிலில் திருமஞ்சனம் எப்படி நடக்கிறது? பெருமாளை எழுந்து வா என்று யாரும் அதட்டுவதில்லை. தண்ணீர் அவர் இருக்கும் இடத்துக்கு வருகிறது. பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் நடக்கிறது. அலங்காரம் செய்யும்போது திரை போட்டுவிடுகிறார்கள். திரையை விலக்கும்போது எல்லோரும் அழகைத்தான் பேசுகிறார்கள். நேற்று ஏன் இப்படி இல்லை என்று கேட்பதில்லை. நாளைக்கும் செய்யவேண்டும் என்று யாரும் சலித்துக்கொள்வதுமில்லை.

இதையெல்லாம் பக்தியில் சொல்லவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் குறைவு. ஒருவரை மரியாதையோடு எப்படி நீராட்டுவது என்பது நமக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, படிப்படியாகச் செய்வது, திரை போடுவது, கணக்குக் கேட்காமல் இருப்பது எல்லாம் தெரியும். கல்லுக்கும் பஞ்சலோகத்துக்கும் பல நூறு வருஷமாகச் செய்துவருகிறோம். ரத்தமும் சதையுமாகப் பின் அறையில் படுத்திருப்பவனுக்குத்தான் செய்ய மாட்டோம்.

*

செய்ய மாட்டோம் என்பது பாதி உண்மை. சில நேரம் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதுதான் பயங்கரம். இரண்டு பேர் கையைப் பிடிக்க, மூன்றாமவர் வாளியோடு தண்ணீரைத் தலையில் கொட்டுவது. தூங்கும்போது முடியை வெட்டுவது. கோயில், தர்கா, மடம் என்று கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கே யார் எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்காமல் வருவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். ஒரு நாளில் யாரும் பிள்ளையை அப்படி விட்டுவிடுவதில்லை. இவனோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வர வருஷங்கள் ஆகின்றன. அந்த முடிவின் பின்னால் எத்தனை வீடுகளில் நாற்றம் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். சட்டம் படிக்கும் வழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும். மனநலக் காப்பகத்தில் இருப்பவருக்குச் சுகாதாரமான இடம், அந்தரங்கம், சரியான உடை உரிமை. தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தேவையான பொருள்கள் உரிமை, பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் வேண்டியவற்றையும் சேர்த்து. கட்டாயப்படுத்தி மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடையைப் போட விரும்பினால் போடலாம், சீருடையைத் திணிக்கக் கூடாது. 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை அறுவை செய்வதையும் தடை செய்கிறது.

கருத்தடை எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? 1994இல் புனேயில், ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்கள் சிலருக்குக் கருப்பை அகற்றும் அறுவை செய்தார்கள். சொன்ன காரணம், மாதவிடாயின்போது அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது. துணி மாற்றிவிட ஆள் போடுவதைவிட உறுப்பை எடுத்துவிடுவது எளிது என்று படித்தவர்கள் முடிவு செய்தார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததால் விஷயம் நாட்டுக்குத் தெரிந்தது. சுத்தத்தின் பெயரால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. மனநோய் உள்ள மகள் இருக்கும் வீட்டில் அம்மா எதை நினைத்துப் பயப்படுகிறாள் என்பதும் இதில் இருக்கிறது. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்ல முடியாதபடி நாம் வாயை மூடிவைத்திருக்கிறோம்.

20ஆம் பிரிவின் இந்த உரிமைகள் காப்பகங்களுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அதனால் விசித்திரமான நிலைமை. காப்பகத்தில் இருக்கும் நோயாளிக்கு அந்தரங்கத்தோடு குளிக்க உரிமை உண்டு. வீட்டில் இருப்பவனுக்கு அம்மாவின் பொறுமை மட்டும் உண்டு, அது தீரும்வரை.

*

இங்கே மூன்று தரப்பு எதிர்ப்புக் குரல் கேட்கும். மூன்றையும் எனக்குத் தெரியும், குடும்ப வாட்ஸப் குழுவிலேயே மூன்றும் இருக்கின்றன.

முதல் தரப்பு: இப்படித் தாங்கினால் அவன் எப்போது தானாகச் செய்வான்? நேர்மையான கேள்வி, பதிலும் இருக்கிறது. கால் உடைந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுத்தால் நடக்க மறந்துவிடுவான் என்று யாரும் பயப்படுவதில்லை. படிப்படியாகச் செய்யவைத்து, உதவியைப் படிப்படியாகக் குறைப்பதுதான் மறுவாழ்வுப் பயிற்சி. சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது 1984இல். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும், குடும்பத்துக்கும் கற்றுத்தர வேண்டும் என்ற அறிவு எங்கள் ஊரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தூரத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறது. வந்துசேராதது அறிவின் குற்றமில்லை.

இரண்டாம் தரப்பு படித்தவர்களுடையது: ரிவார்டு கொடுங்கள், குளித்தால் போன், குளிக்காவிட்டால் போன் இல்லை. இதுவும் புதிதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் அய்லான், அஸ்ரின் என்ற இருவர் இதைச் செய்து பார்த்து 1968இல் புத்தகமே எழுதினார்கள். பல் துலக்கினால் ஒரு வில்லை, குளித்தால் ஒரு வில்லை, வில்லையைக் கொடுத்துச் சலுகை வாங்கிக்கொள்ளலாம். நடத்தை மாறியதும் உண்மை. ஆனால் எதைப் பிடித்து வைத்துக்கொண்டு எதைக் கேட்கிறோம் என்ற கேள்வி உடனே வந்தது. 1972இல் அலபாமா வழக்கொன்றில் நீதிமன்றம், மனநல மருத்துவமனையில் இருப்பவருக்கு எவையெல்லாம் குறைந்தபட்ச உரிமை என்று பட்டியல் போட்டது. உணவு, படுக்கை, அந்தரங்கம் எல்லாம் சம்பாதிக்க வேண்டிய பரிசு ஆக முடியாது. நம் பழமொழிக்கு வருகிறேன். கூழைப் பிடித்து வைத்துக்கொண்டு குளியலைக் கேட்பது அந்த வில்லைக் கணக்கின் மிக மோசமான வடிவம். நாம் இருப்பதைப் பிடுங்குகிறோம். குளித்த பிறகு சேர்ந்து ஒரு டீ குடிக்கப் போவது பரிசு. குளிக்காததற்காகச் சோற்றை நிறுத்துவது கொடுமை. இரண்டுக்கும் நடுவில் கோடு மெல்லியதாக இல்லை, நன்றாகவே தெரிகிறது.

மூன்றாம் தரப்பு என் வயதுக்காரர்கள், உங்கள் வயதுக்காரர்கள். அவனுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவன் உடல், அவன் உரிமை. கேட்க முற்போக்காக இருக்கிறது. ஆனால் விருப்பமே நோயில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, விருப்பத்தைக் காரணம் காட்டி விலகுவது உரிமையை மதிப்பதாகாது. கைகழுவுவது. இக்கிலும் தலையிலும் புண் வந்து, பல் சீழ் பிடித்து, நண்பன் ஒருவன்கூட அறைக்குள் வராமல் ஆன பிறகு அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? கட்டாயப்படுத்துவதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் உதவி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும், உடல் உழைப்பு வேண்டும். மெழுகுவத்தியும் முகப்பூச்சுமாக 'செல்ஃப் கேர்' விற்கும் ரீல்ஸில் அந்த உழைப்பு இருக்காது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கான அலங்காரம் அது. முடியாதவனுக்கு வேண்டியது இன்னொரு ஆள்.

*

அந்த இன்னொரு ஆள் யார்? எல்லா வீட்டிலும் அம்மா. பதினாறு வயதுப் பையனை அம்மா குளிப்பாட்டுவது இருவருக்குமே சங்கடம், அவன் கோபத்தில் பாதி அந்தச் சங்கடம்தான். அக்கா வீட்டில் மாமாதான் அதை மாற்றினார். பத்து நாள், பதினைந்து நாள் ஒரே சேலையின் முன் குழியில் கால் போட்டு உட்காருகிறவர். இழை அறுந்தால் இழையைத் திட்டி எந்த நெசவாளியும் பார்த்ததில்லை, முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார்கள். மருத்துவர் சொன்னதும் வீட்டில் கண்டுபிடித்ததுமாகச் சேர்த்து அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

தினமும் குளியல் என்ற சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் குளியல். மற்ற நாள்களில் முகம், கை, கால். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் அக்குளும் இடுப்பும், அதை அவனே செய்வான். காலையில் மாத்திரை அழுத்துவதால் நேரம் சாயங்காலம் ஐந்து மணி, மாறவே மாறாது. "தண்ணி ஊத்துனா பேசறாங்க" என்று அவன் ஒருநாள் சொன்னதும், குழாயை மூடி வைத்து வாளியில் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள். உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பின்பக்கக் கதவுக்கு வெளியே ஒரு தார்ப்பாய் கட்டி, மாடிப் பார்வையை அடைத்தாயிற்று. ஒரே மாதிரி நான்கு டிஷர்ட், எதைப் போடுவது என்ற கேள்வியே இல்லை. துண்டு, சோப்பு, துணி எல்லாம் ஒரே கூடையில். மாமா கதவுக்கு முதுகைக் காட்டி வெளியே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பார். அவன் கூப்பிட்டால்தான் பேசுவார். முடியாத நாளில் அன்று கிடையாது, அவ்வளவுதான். அடுத்த நாள் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. பல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்து துலக்கும்போது. முடிவெட்டுபவர் கடை மூடும் நேரத்தில் வரச் சொல்கிறார், கூட்டம் இருக்காது.

பேச்சை மாற்றியதுதான் கடினமாக இருந்தது. "குளிச்சியா?" என்பது விசாரணை. "தண்ணி வெச்சிருக்கேன்" என்பது உதவி. "நாத்தம் அடிக்குது" என்ற சொல் அந்த வீட்டில் இப்போது இல்லை. தம்பி முழுக்கச் சரியாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அப்படி முடியும் கதை இல்லை இது. வாரம் இரண்டு நாள் நான்காகியிருக்கிறது. சில மாதம் மறுபடி ஒன்றாகும். மருந்து தொடர்கிறது. பிளஸ் ஒன்னைத் தனித்தேர்வராக எழுதலாமா என்று அவனே கேட்டிருக்கிறான்.

ஆனால் பொறுமையான அப்பா ஒருவர் கிடைத்தால்தான் ஒரு பிள்ளை பிழைக்கும் என்றால் அது அதிர்ஷ்டம், ஏற்பாடு இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், அது பெரிய விஷயம்தான். ஆனால் மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வீட்டில் எப்படிக் குளிக்க உதவுவது என்று அரை மணி நேரம் சொல்லித்தர ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டுக்கும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பள்ளியில் ஒரு மாணவன் அழுக்காக வரத் தொடங்கினால் அதை ஒழுக்கக் குறைவு என்று எழுதுவதற்கு முன் நோயின் அறிகுறியாக இருக்குமோ என்று கேட்கும் ஒரு படிவமாவது வேண்டும். தனியாக அழைத்துப் பேச ஓர் ஆசிரியர், தேவையென்றால் பள்ளியிலேயே முகம் கழுவ ஓர் இடம். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசலாம், பணம் கிடையாது. அது எத்தனை பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறது? 'சுத்தம் சோறு போடும்' எழுதாத சுவர்தான் இல்லை.

இவையெல்லாம் வரும்போது வரட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்தத்தில், தெருவில், ஹாஸ்டல் அறையில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். எனக்கு நிச்சயம். போய்ப் பாருங்கள். மூக்கைச் சுளிக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். குளிச்சியா என்று கேட்க அவனுக்கு ஊரே இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டியா என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கூழைக் கொடுங்கள். தண்ணீர் அப்புறம் வைக்கலாம்.